களிமண் அடுக்குகள் காட்டும் காலக்கணக்கு

வரலாற்றுக்கு இரு கண்கள் உள என அறிஞர் கூறுவர். ஒன்று இடவறிவு, மற்றையது காலவறிவு. ஓர் அரசன் ஆண்டான் என்ற செய்தி மட்டும் வரலாறாகிவிடாது. அவன் எந்நாட்டில் ஆண்டான், எக்காலத்தில் ஆண்டான் என்பன துணியப்பட்ட பின்னரே அச்செய்தி வரலாற்றில் இடம்பெறும் தகுதியை அடைகின்றது. கல்வெட்டிற் பொறிக்கப்பட்ட ஆட்சியாண்டும், நாணயத்திற் காணப்படும் பெயரும், பிறநாட்டார் எழுதிவைத்த குறிப்புக்களும் காலத்தைத் துணிதற்குரிய கருவிகளாகும். ஆயின், எழுத்துத் தோன்றுதற்கு முன் கழிந்த நெடுங்காலத்தை அளத்தற்கு இக்கருவிகள் உதவமாட்டா. அக்காலத்தில் நிலமும் கடலும் மலையும் எவ்வாறிருந்தன, மழையும் வெயிலும் எவ்வாறு மாறின என்பவற்றைக் கூறுதற்கு மனிதர் எழுதிய ஏடு எதுவுமில்லை. நிலம் தானே எழுதிவைத்த ஏடுகள் உள. நீரடியிற் படிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுக் கிடக்கும் மண்படைகளே அவ்வேடுகளாகும். இவற்றைப் புவிச்சரிதவியலார் அடையல்கள் என வழங்குவர்.

கீழே கிடக்கும் படை முற்பட்டது. மேலே கிடக்கும் படை பிற்பட்டது. இன்று சிறுவரும் எளிதில் உணரத்தக்க இவ்வுண்மையை 1669ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விதியாக வகுத்துரைத்தவர் தென்மார்க்கு நாட்டவரான நிக்கொலாஸ் ஸ்டெனோ என்பவர். இவ்விதி முன்பின் முறையைத் தந்ததேயன்றி ஆண்டுக் கணக்கைத் தரவில்லை. எனவே, பின்வந்தோர் வேறொரு வழியை நாடினர். ஓர் ஆற்றின் கழிமுகத்தில் நூறாண்டில் இத்துணை அடி மண் படிகின்றதெனின், இத்துணை ஆழமுள்ள படிவு உண்டாதற்கு எத்துணை நூற்றாண்டுகள் சென்றிருக்கும் என வகுத்துக் காண அவர்கள் முயன்றனர். இம்முயற்சி பெரும்பாலும் பயன்படவில்லை. ஒரு வெள்ளம் ஓரிரவிற் கொண்டுவந்து கொட்டும் மண், அமைதியான ஆண்டுகள் பலவற்றிற் படியும் மண்ணினும் மிகுதியாக இருத்தல் கூடும். முன்னர்ப் படிந்ததை அரித்துச் செல்லும் வெள்ளமும் உண்டு. வேகம் ஒருதன்மைத்தாக இல்லாதபோது வேகத்தைக் கொண்டு காலத்தைக் கணித்தல் எங்ஙனம் பொருந்தும்? ஆண்டு கழிந்தது என்பதற்கு அடையலே ஓர் அடையாளம் இட்டு வைத்திருந்தாலன்றி உண்மையான கணக்குக் கிடைத்தலரிது. அத்தகைய அடையாளம் தெளிவாகக் காணப்பட்ட நாடு சுவீடன் ஆகும்.

சுவீடன் நாட்டின் கரையோரத்தில் வாழ்ந்த மக்கள் நெடுங்காலமாக ஒரு புதுமையைக் கண்டு வந்தனர். தந்தையர் காலத்தில் தோணி கட்டிய துறை மைந்தர் காலத்தில் மேடாயிற்று. கடல்நாய்கள் ஏறிக் கிடந்த பாறைகள் நீர்மட்டத்துக்கு மேல் உயர்ந்தமையால் வேட்டைக்குப் பயன்படாதொழிந்தன. வெப்பமானியின் அளவைமுறையாற் புகழ்பெற்ற ஆண்டர்ஸ் செல்சியஸ் இதனை ஆராய முற்பட்டு, 1731ஆம் ஆண்டில் பொத்னியா விரிகுடாவிலுள்ள லொவ்குருண்ட் என்னுந் தீவில், பாறையொன்றிலே கடல்மட்டத்தைக் குறித்து அடையாளம் வெட்டுவித்தார். கடல்நீர் குறைந்து வருகின்றது என்பதே அவர் கொண்ட கருத்து. நீர் குறையவில்லை, நிலமே உயர்கின்றது என்னும் மாறுபட்ட கருத்தும் எழுந்தது. 1834ஆம் ஆண்டில் பிரித்தானிய அறிஞர் சாள்ஸ் லையல் சுவீடனுக்குச் சென்று, அங்குள்ள அடையாளங்களை நேரிற் பார்த்து, நிலம் உயர்தல் உண்மையே என ஒப்புக்கொண்டார். உயர்தற்குக் காரணம் யாது என்பது மட்டும் விளங்கவில்லை.

காரணம் வேறொரு திசையிலிருந்து தெரியவந்தது. சுவிற்சலாந்து நாட்டவரான லூயி அகாசி, 1840ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், முற்காலத்திற் பெரும் பனிக்கட்டிப் படலம் ஐரோப்பாவின் பரந்த பகுதிகளை மூடியிருந்தது என வாதித்தார். 1865ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்து அறிஞர் தோமஸ் ஜேமிசன், அப்பனிக்கட்டியின் பாரத்தால் நிலம் அமிழ்ந்தது என்றும், பாரம் நீங்கியபின் மெல்ல மெல்ல எழுகின்றது என்றும் விளக்கங் கூறினார். சுவீடனின் ஒட்டோ டொரெல் 1875ஆம் ஆண்டிலே பேர்லினுக்கு அண்மையிலுள்ள பாறைகளிற் பனிக்கட்டி கீறிய வரிகளைக் காட்டியபோது, வட ஜெர்மனிவரை அப்படலம் பரவியிருந்தமை உறுதியாயிற்று. இரண்டு மூன்று கிலோமீற்றர் தடிப்புள்ள பனிக்கட்டி ஒரு நாட்டின்மீது கிடந்து பின்னர் உருகியொழிந்தது என்பது தெளிந்தபின் எழுந்த வினா ஒன்றே: அஃது எப்பொழுது உருகியது? பல்லாயிரம் ஆண்டு என்றாரும், இலட்சம் ஆண்டு என்றாரும் உளர். எவர் கையிலும் கணக்கு இருக்கவில்லை.

அக்கணக்கைத் தேடித் தந்தவர் ஜெராட் டி யேர். இவர் 1858ஆம் ஆண்டில் ஸ்டொக்ஹோம் நகரிற் பிறந்தவர். சுவீடனின் முதற் பிரதம மந்திரியாக விளங்கிய லூயி டி யேரின் மைந்தர். 1878ஆம் ஆண்டில், தமது இருபதாம் வயதளவில், புவிச்சரித அளவைப் பகுதியிற் சேர்ந்து பணிபுரியத் தொடங்கியபோது, செங்கற் சூளைக்கு மண் வெட்டிய குழிகளின் சுவர்களிலே ஒழுங்கான வரிகளைக் கண்டார். வெளிறிய வரியொன்று, கரிய வரியொன்று, மீண்டும் வெளிறியது, மீண்டும் கரியது என மாறிமாறி அவை அமைந்திருந்தன. வெட்டிய மரத்தின் அடியிற் காணப்படும் ஆண்டு வளையங்களை அவை அவருக்கு நினைவூட்டின. ஓர் இணை வரி ஓராண்டின் படிவு ஆகலாம் என்னும் எண்ணம் அன்றே அவர் உள்ளத்தில் எழுந்தது. அவ்விணையைக் குறிக்கச் சுவீடிய மொழியிலுள்ள வார்வ் என்னுஞ் சொல் பின்னர் உலகெங்கும் வழக்குக்கு வந்தது. சுற்று அல்லது அடுக்கு என்பது அதன் பொருள். தமிழில் ஆண்டடுக்கு எனலாம்.

ஆண்டடுக்கு உருவாகும் முறை எளிதில் விளங்கத்தக்கது. பனிக்கட்டிப் படலத்தின் விளிம்பு ஒரு பெரிய நீர்நிலையில் இறங்கி நிற்கின்றது எனக் கொள்க. கோடையில் பனிக்கட்டி உருகும். உருகிய நீர் மணலையும் நுண்மணலையும் களியையும் வாரிக்கொண்டு நீர்நிலையுட் பாயும். பருமனான மணலும் நுண்மணலும் விரைவில் அடியிற் படிந்து வெளிறிய படையாகும். களித்துகள்களோ மிக நுண்ணியவாகலின் நீரில் மிதந்துகொண்டேயிருக்கும். மாரி வந்ததும் உருகுதல் நின்றுவிடும். நீர்நிலையின் மேற்பரப்பு உறைந்து, காற்றும் அலையும் தீண்டாத அமைதி நிலவும். அவ்வமைதியிலே களித்துகள்கள் மெல்ல இறங்கிக் கரிய மென்படையாகும். அடுத்த கோடையில் புதிய மணல் அக்கரிய படையின்மீது வந்து விழும். இங்ஙனம் வெளிறியதும் கரியதுமாகிய ஓரிணை ஓராண்டைக் குறிக்கும். உவர்நீரிலே களித்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு மணலுடன் கூடவே விரைந்து விழுந்துவிடும். ஆகலின், அங்கு வரிகள் தெளிவாக அமைவதில்லை. நன்னீரிற் படிந்த களியே சிறந்த ஏடாகும்.

ஒரு குழியில் நூறு, இருநூறு அடுக்குகளே காணப்படும். பல்லாயிரம் ஆண்டுக் கணக்கு அவற்றிலிருந்து எவ்வாறு கிடைக்கும்? இவ்விடத்திலேதான் டி யேரின் நுண்ணறிவு வெளிப்படுகின்றது. எல்லா ஆண்டுகளும் ஒருபடித்தானவை அல்ல. வெப்பமிக்க கோடையில் மிகுதியாக உருகும் நீர் தடித்த அடுக்கை உண்டாக்கும். குளிர்ந்த கோடையில் மெல்லிய அடுக்கே உண்டாகும். தடித்தது, மெல்லியது, மெல்லியது, மிகத் தடித்தது என்னும் வரிசை, ஒரு குழியிற் காணப்பட்டவாறே, சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள மற்றொரு குழியிலும் காணப்படுமாயின், இரண்டும் ஒரே ஆண்டுகளைக் குறிப்பனவாகும். டி யேரும் அவர் மாணவரும் குழியின் சுவரைச் செம்மையாகச் சீவி, நீண்ட தாட்சுருளை அதன்மீது ஒட்டிப் பிடித்து, ஒவ்வோர் அடுக்கின் எல்லையையும் அதிற் குறித்துக்கொண்டனர். பின்னர் அத்தடிப்புக்களை வரைபடமாக்கி, ஒரு குழியின் வளைகோட்டை மற்றொன்றின் வளைகோட்டோடு பொருத்திப் பார்த்தனர்.

மற்றோர் உண்மையும் அவர்களுக்குத் துணைசெய்தது. பனிக்கட்டியின் விளிம்பு ஆண்டுதோறும் வடக்கு நோக்கிப் பின்வாங்கியது. அது விட்டுச் சென்ற இடத்தை அவ்வாண்டின் அடுக்கு மூடியது. எனவே, ஒவ்வோர் அடுக்கும் தனக்கு முந்திய அடுக்கைவிடச் சிறிது வடக்கே நீண்டு கிடக்கும். கூரையின் ஓடுகள் ஒன்றின்மேலொன்று தள்ளிக் கிடத்தல் போன்ற அமைப்பு இது. ஓரிடத்தில் அடியிற் கிடக்கும் முதல் அடுக்கு எதுவோ, அவ்வாண்டிலேயே பனிக்கட்டி அவ்விடத்தை விட்டு நீங்கியது என்று கொள்ளலாம். இவ்வாறு, தெற்கிலிருந்து வடக்கே குழிக்குக் குழி சென்று பார்த்தால், பனிக்கட்டி பின்வாங்கிய வரலாற்றை ஆண்டாண்டாக எழுதிவிடலாம்.

1905ஆம் ஆண்டுக் கோடையில் ஸ்டொக்ஹோம், உப்சாலா ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் மாணவரைத் துணைக்கொண்டு, ஏறத்தாழ 200 கிலோமீற்றர் நீளமான ஒரு கோட்டை டி யேர் அளந்து முடித்தார். பின்வந்த ஆண்டுகளில் அக்கோடு தெற்கேயும் வடக்கேயும் நீட்டப்பட்டது. 1910ஆம் ஆண்டில் ஸ்டொக்ஹோமிற் கூடிய பன்னாட்டுப் புவிச்சரிதவியற் பேரவையிலே, இறுதிப் பன்னீராயிரம் ஆண்டுகளின் காலக்கணக்கு என்னும் பொருள்பற்றி அவர் பேருரை நிகழ்த்தினார். உலகின் பல நாடுகளிலிருந்து வந்த அறிஞர்க்கு அன்று வியப்பளித்தது எண்ணின் பெருமை அன்று. அது கிடைத்த வழியே. அதுவரை கூறப்பட்டனவெல்லாம் மதிப்பீடுகள். டி யேர் கூறியதோ ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிப் பெற்ற தொகை.

ஆயினும், அக்கணக்கில் ஒரு குறை இருந்தது. பனிக்கட்டி பின்வாங்கிய காலத்து ஆண்டுகளை எண்ணலாம். பனிக்கட்டி ஒழிந்த பின்னர் இன்றுவரை கழிந்த ஆண்டுகளை எண்ணுவது எப்படி? இக்கணக்கை நிகழ்காலத்தோடு இணைக்காவிடின், அது கரையிற் கட்டப்படாத தோணி போன்றதே. இணைப்பைத் தேடிய டி யேருக்கு மனிதர் செய்த பிழையொன்று உதவியது. நடு சுவீடனில் இண்டால் ஆற்றின்மீது ரகுண்டா என்னும் நீண்ட ஏரி ஒன்றிருந்தது. ஏரியின் வாயிலில் இருந்த பெருநீர்வீழ்ச்சி, வெட்டுமரங்களை ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுசெல்வதற்கு இடையூறாயிற்று. மக்னஸ் ஹுஸ் என்னும் வணிகரின் தலைமையில் நீர்வீழ்ச்சியைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டது. அவ்விடம் உறுதியற்ற மணலும் பரலுமாக இருந்தமையால், 1796ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6ஆம் நாள் இரவில் நீர் அதனை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் ஏரி முழுவதும் வற்றிப்போயிற்று. நீர்வீழ்ச்சி வறண்ட பாறையாக இன்றும் நிற்கின்றது. இறந்த நீர்வீழ்ச்சி என்பது அதன் பெயர். ஏரியின் அடியிற் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்த அடுக்குகள் வெளிப்பட்டன. அவற்றின் மேலெல்லை 1796ஆம் ஆண்டு என்பது ஐயத்துக்கிடமற்றதாகலின், அங்கிருந்து கீழ்நோக்கி எண்ணும் வாய்ப்பு டி யேருக்குக் கிடைத்தது.

ரகுண்டாவின் அடுக்குகள் எங்கும் ஒரே தெளிவுடையனவாக இருக்கவில்லை. இன்னும் உறுதியான இணைப்பை அவருடைய மாணவர் ராக்னர் லிடென் ஓங்கர்மன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே கண்டார். அவ்வாற்றின் கழிமுகத்தில் ஆண்டுதோறும் வண்டல் படிகின்றது. நிலமோ ஓயாது உயர்ந்து வருகின்றது. ஆகவே, பழைய கழிமுகம் மேடாகி நிற்க, ஆறு அதனை அறுத்துக்கொண்டு கீழே இறங்கிப் புதிய கழிமுகத்தை அமைக்கின்றது. பள்ளத்தாக்கின் உள்ளே உயரத்திற் பழைய அடுக்குகளும், கடலை நெருங்க நெருங்கப் புதிய அடுக்குகளும் ஆற்றங்கரைச் சுவர்களிற் காணப்படுகின்றன. ஆற்றின் வழியே கடலை நோக்கி நடப்பவன் காலத்தின் வழியே இன்றைய நாளை நோக்கி நடப்பவனாவான். லிடென் தமது ஆராய்ச்சியின் முதற்பகுதியை 1913ஆம் ஆண்டிலும் நிறைவுப்பகுதியை 1938ஆம் ஆண்டிலும் வெளியிட்டார்.

இவ்வேடுகள் காலத்தை மட்டுங் கூறுவனவல்ல, காலநிலையையும் கூறுவன. தென் சுவீடனில் பனிக்கட்டி மெதுவாகவே பின்வாங்கியது. நடு சுவீடனை அணுகியபோது அதன் விளிம்பு பல நூற்றாண்டுகள் ஏறக்குறைய ஓரிடத்திலேயே தங்கி, சிற்சில வேளைகளில் முன்னேறியும், கற்களையும் மண்ணையும் நீண்ட வரம்புகளாகக் குவித்தது. அதன் பின்னரோ பின்வாங்குதல் விரைவுற்றது. ஸ்டொக்ஹோம் பகுதியிலே ஆண்டுக்கு ஏறத்தாழ 200 முதல் 300 மீற்றர்வரை பனிக்கட்டி விலகிச் சென்றது. தங்கி நின்றமைக்கும் விரைந்து நீங்கியமைக்கும் காரணம் குளிரும் வெப்பமும் என்பதைத் தென்மார்க்கிலுள்ள வேறோர் அடையல் உறுதிசெய்தது. கோப்பன்ஹேகனுக்கு வடக்கேயுள்ள அலரோட் என்னுமிடத்தில், செங்கற் களிக்குழியிற் காணப்பட்ட படைகளைப்பற்றி 1901ஆம் ஆண்டில் ஹார்ட்ஸ், மில்தர்ஸ் என்னும் இருவர் எழுதினர். அடியிலே டிரையஸ் என்னும் செடியின் இலைகள் பொதிந்த களி. அதன்மேல் பேர்ச் மரத்தின் எச்சங்கள் கொண்ட கரிய சேறு. அதன்மேல் மீண்டும் டிரையஸ் இலைகளுடன் களி. டிரையஸ் வடதுருவத்தை அடுத்த நிலங்களிலும் உயர்மலைகளிலும் வளரும் வெண்பூச் செடி. ஆகவே, குளிர் நீங்கி மரங்கள் முளைத்த பின்னர்க் கொடுங்குளிர் மீண்டும் வந்தது என்பது அம்மூன்று படைகளால் தெளிவாயிற்று. அவ்விரண்டாங் குளிர்காலம் இளைய டிரையஸ் காலம் எனப்படுகின்றது. இன்றைய கணக்கின்படி, அது ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிவுற்றது. பனிக்கட்டி நடு சுவீடனில் தங்கி நின்றதும் அக்காலத்திலேயாகும்.

நிலத்தோற்றத்தின் வரலாறும் அடையல்களிலேயே எழுதப்பட்டுள்ளது. இன்றைய பால்டிக் கடல் முதலிற் கடலாக இருக்கவில்லை. உருகிய நீர் தேங்கிய பெரிய நன்னீரேரியாகவே அது தொடங்கியது. உலகக் கடலின் மட்டத்தைவிட உயரத்தில் நின்ற அவ்வேரியை, நடு சுவீடனிலுள்ள பில்லிங்கன் மலையருகே பனிக்கட்டி அணைபோல் தடுத்து வைத்திருந்தது. இளைய டிரையஸ் காலம் முடியுந் தறுவாயிற் பனிக்கட்டி அம்மலையின் வடமுனையை விட்டு விலகியதும், நீர் மேற்கே பாய்ந்து, ஏரியின் மட்டம் ஏறத்தாழ 25 மீற்றர் தாழ்ந்தது. அதன்பின் உவர்நீர் உட்புகுந்த காலத்துக் களியில் யோல்டியா என்னும் சிப்பி காணப்படுகின்றது. நிலம் உயர்ந்து வாயில் அடைபட்டபோது மீண்டும் நன்னீரேரியாயிற்று. அக்காலத்துக்கு அன்சைலஸ் என்னும் நன்னீர் நத்தை சான்று. பின்னர்த் தெற்கேயுள்ள நீரிணைகள் வழியாகக் கடல் புகுந்தது. அக்காலத்துக்கு லிற்றோரினா என்னும் கடல்நத்தை சான்று. ஒரு கடல் மூன்று முறை தன் இயல்பை மாற்றிக்கொண்ட செய்தியைச் சிறு சிப்பிகளும் நத்தைகளும் காத்து வைத்துள்ளன.

கடலடியிற் படிந்த அக்களியே பின்னர் உயர்ந்து, மேலரன் ஏரியைச் சூழ்ந்த சமவெளிகளாயிற்று. பாறையும் பைன் காடும் மிகுந்த அந்நாட்டில் உழுதற்கேற்ற நல்ல நிலம் பெரும்பாலும் இக்களிநிலமே. உப்சாலாவைச் சூழ்ந்த பழைய அரசு இந்நிலத்திலேயே எழுந்தது. மேலரன் அக்காலத்தில் ஏரியன்று. பால்டிக் கடலின் விரிகுடாவாக இருந்தது. 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டுவரை வணிகத்தாற் சிறந்த பிர்கா நகரத்துக்குக் கப்பல்கள் அவ்வழியே சென்றன. நிலம் உயர்ந்து விரிகுடா ஏரியாக மாறிவந்த காலத்தில், 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அதன் வாயிலிலே ஸ்டொக்ஹோம் நகரம் எழுந்தது. வடக்கேயுள்ள உயர்கரைப் பகுதியில், பண்டைக் கடற்கரையின் அடையாளம் இன்றைய கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 285 மீற்றர் உயரத்திற் காணப்படுகின்றது. பொத்னியா விரிகுடாவின் வடபகுதியில் நிலம் இன்றும் ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ ஒரு மீற்றர் வீதம் உயர்கின்றது.

பழைய அடையலின் இயல்பை அறிதல் ஏட்டறிவோடு முடிவதன்று. மேற்குச் சுவீடனில் யோத்தா ஆற்றுப் பள்ளத்தாக்கின் களி உவர்நீரிற் படிந்தது. அவ்வுப்பே களித்துகள்களைப் பிணித்து வைத்திருந்தது. நிலம் உயர்ந்தபின் நன்னீர் ஊறி உப்பைக் கழுவிச் சென்றது, பிணிப்பும் தளர்ந்தது. இத்தகைய களி அசைவுற்றால் நொடிப்பொழுதிற் கூழாகிப் பாயும். 1950ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் நாள் சுர்தே என்னும் ஊரிலும், 1957ஆம் ஆண்டில் யோத்தா என்னும் ஊரிலும், 1977ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் கொத்தன்பேர்க் நகரின் தூவே என்னும் பகுதியிலும் நிலம் சரிந்து வீடுகள் அழிந்தன. தூவேயில் மாண்டோர் ஒன்பதின்மர். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னிருந்த கடலின் உவர்ப்பு இன்றைய வீட்டின் உறுதியை முடிவுசெய்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இனி, இக்கணக்கின் குறைகளையும் கூறுதல் முறையாகும். டி யேர் தம் முறையின் வெற்றியால் உற்சாகமுற்று, சுவீடனின் அடுக்குகளை உலகின் பிற பகுதிகளின் அடுக்குகளோடும் பொருத்த முயன்றார். 1920ஆம் ஆண்டில் துணைவியார் எப்பாவுடனும், லிடென், ஏர்ன்ஸ்ட் அந்தெவ்ஸ் என்னும் மாணவருடனும் வட அமெரிக்கா சென்று அங்குள்ள ஆண்டடுக்குகளை ஆராய்ந்தார். ஞாயிற்றின் வெப்பமே எங்கும் அடுக்கின் தடிப்பை முடிவுசெய்கின்றது. ஆதலால், அத்திலாந்திக் மாகடலின் இருகரையிலும் ஒரே வரிசை தோன்றவேண்டும் என்பது அவர் கொள்கை. அமெரிக்காவிலேயே தங்கி ஆராய்ச்சி செய்த அந்தெவ்ஸ் இதனை ஏற்கவில்லை. ஓரிடத்தின் கோடை வெப்பமாக இருக்கும் ஆண்டில் மற்றோரிடத்தின் கோடை குளிர்ந்திருத்தல் இயல்பே. அண்மையிலுள்ள குழிகளுக்குப் பொருந்தும் முறையைக் கண்டங்களுக்கிடையே நீட்டியமை தவறு எனப் பின்வந்தோர் முடிவுசெய்தனர். 1943ஆம் ஆண்டில் மறையும்வரை டி யேர் தம் கொள்கையைக் கைவிடவில்லை.

உள்நாட்டுக் கணக்கிலும் இடைவெளிகள் இருந்தமை காலப்போக்கிற் புலப்பட்டது. 1949ஆம் ஆண்டில் வில்லாட் லிபி கதிர்த்தொழிற்பாட்டுக் காபனைக்கொண்டு காலங்காணும் முறையை வெளியிட்டபின், ஒன்றையொன்று சோதிக்கும் இரு முறைகள் கிடைத்தன. 1980ஆம் ஆண்டுகளில் இங்கெமார் காத்தோ, லிடெனின் தொடரை இன்றைய கழிமுகத்தோடு நேரே இணைத்து, அதிற் 365 ஆண்டுகள் குறைந்திருந்தமையை எடுத்துக்காட்டினார். கிரீன்லாந்துப் பனிக்கட்டியின் ஆண்டுப் படைகளோடு ஒப்பிட்டபோது இன்னும் பல நூறு ஆண்டுகள் விடுபட்டிருத்தல் வேண்டும் எனத் தெரிந்தது. ஓர் அடுக்கு அரிப்புண்டிருந்தாலும், இரண்டு குழிகள் தவறாகப் பொருத்தப்பட்டிருந்தாலும் கணக்கு வழுவும். ஆனால் எண்ணிப் பெற்ற கணக்குக்கு ஒரு சிறப்புண்டு. அதன் பிழை எந்த இடத்தில் உள்ளது என்று தேடிக் கண்டு திருத்த முடியும். வெறும் மதிப்பீட்டை அங்ஙனம் திருத்த இயலாது.

இப்படிப்பினையைப் பின்வந்தோர் நன்கு பயன்படுத்தினர். யப்பான் நாட்டின் புக்குயி மாகாணத்திலுள்ள சுயிகெத்சு ஏரி பனிக்கட்டி மூடாத ஏரி. ஆயினும், பருவந்தோறும் மாறும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் களியும் அதன் அடியில் ஆண்டடுக்குகளாகப் படிந்துள்ளன. 1990ஆம் ஆண்டுகளில் துளையிட்டு எடுத்த படிவத்தில் துண்டுகளுக்கிடையே சிறு இடைவெளிகள் இருந்தமையாற் கணக்குக் குறைந்தது. எனவே, 2006ஆம் ஆண்டில் ஒன்றன் இடைவெளியை மற்றொன்று மூடுமாறு அருகருகே நான்கு துளைகள் இட்டனர். அடுக்குகளிடையே கிடைத்த இலைகளின் காபன் அளவுகள் 2012ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. ஐம்பதினாயிரம் ஆண்டளவும் காபன் கணக்கைத் திருத்துதற்கு அவை இன்று அளவுகோலாக உதவுகின்றன. களிமண்ணைத் திருத்த வந்த காபனைக் களிமண்ணே திருத்துகின்றது.

இவ்வாராய்ச்சி இலங்கைக்குப் புறம்பானதன்று. சுவீடனில் உருகிய பனிக்கட்டியும், அதனினும் பெரிதாக வட அமெரிக்காவில் உருகிய பனிக்கட்டியும் உலகக் கடலிலேயே கலந்தன. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றுள்ளதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் ஆழமோ பெரும்பாலும் 15 மீற்றருக்கு மேற்படாது. ஆகவே, அக்காலத்தில் யாழ்ப்பாணமும் தமிழகமும் ஒரே நிலப்பரப்பாக இருந்தன. கடல் உயர்ந்தபோது இலங்கை தீவாயிற்று. இதனைக் கேட்டவுடன் இறையனார் களவியலுரை முதலியன கூறும் கடல்கோட் செய்திகளை நினைப்பார் உளர். அச்செய்திகளை இவ்வாராய்ச்சியோடு உடனே முடிச்சிடுதல் தகாது. கடல் இன்றைய மட்டத்தை அணுகிய காலம் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. உயர்ந்த வேகம், சராசரியாகக் கொண்டால், ஆண்டுக்கு ஒரு சதமமீற்றர் அளவினதே. ஒரு நாளிற் பொங்கி நாட்டை விழுங்கிய கடலுக்கும் தலைமுறை தலைமுறையாக மெல்ல ஏறிய கடலுக்கும் வேறுபாடு பெரிது.

இலங்கையின் பழங்காலநிலையை அறிதற்கும் அடையல்களே துணை. சுவீடனின் லெனாட் பொன் போஸ்ட் 1916ஆம் ஆண்டில் ஒரு புதிய முறையை அறிமுகஞ் செய்தார். சதுப்பு நிலங்களிலே தாவரங்கள் முற்றாக அழியாது படிந்த படைகளிலுள்ள மகரந்தத் துகள்களை எண்ணி, அவ்வக்காலத்துத் தாவரங்களையும் காலநிலையையும் அறிவதே அம்முறை. ஹோட்டன் சமவெளியின் சதுப்புப் படைகள் இம்முறையால் ஆராயப்பட்டு, அதன் முடிவுகள் 2003ஆம் ஆண்டில் வெளிவந்தன. வடக்கே பனிக்கட்டி பரந்து கிடந்த காலத்தில் அச்சமவெளி வறண்டிருந்தது என்பதும், பின்னர்ப் பருவக்காற்று வலிமையுற்று மழைக்காடு பெருகியது என்பதும் அவற்றால் அறியப்படுகின்றன. வட ஐரோப்பாவின் குளிரும் இலங்கையின் வறட்சியும் ஒரே காலத்தின் இரு முகங்களாகும்.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி எதனையும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் என்று கூறி அமைதல் எளிது, பெருமை தருவதுமாகும். ஆனால் அஃது வரலாறாகாது. களிக்குழியின் சுவரிலே தாட்சுருளைப் பிடித்துக்கொண்டு, ஒரு விரற்கடை அகலத்தில் இருந்த வரிகளை ஒவ்வொன்றாகக் குறித்த மாணவர்கள் செய்த பணி புகழ்மிக்கதாகத் தோன்றாதிருக்கலாம். அவர்கள் குறித்த வரிகளால் எழுத்தில்லாத காலத்துக்கும் ஆண்டுக் கணக்கு உண்டாயிற்று. அக்கணக்கிற் பிழை கண்டோரும் அதே பணியை மீண்டும் பொறுமையோடு செய்தே பிழையைத் திருத்தினர். தொன்மையை நிலைநாட்ட விழைவோர்க்குச் செங்கற் களிக்குழி உணர்த்தும் பாடம் இதுவேயாகும்: முதலில் எண்ணுக, பின்னர்க் கூறுக.